நாற்பது கூட்டினால் பெண்

"இதை ஆம்பளைக்குப் பதிவு பண்ண முடியாது, சிக்னோரா."

மருந்துக்கடைப் பெண் இப்படிச் சொன்னபோது ஆன்ட்ரியா கால்ப்ரெய்த் முதலில் தன் இத்தாலிய மொழியைத்தான் சந்தேகித்தாள். இத்தாலியில் போர்கோசெல்லா என்ற ஊருக்கு ஆங்கில ஆசிரியையாக வந்து ஐந்தே மாதம். வேகமாகப் பேசினால் பாதி வார்த்தை காதில் விழாது.

"யாருக்கு?"

"ஆம்பளைக்கு. கர்ப்ப ஸ்கேன்னு அடிச்சா சிவப்பா வருது, பாருங்க." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"என்னைப் பாத்தா ஆம்பளை மாதிரியா இருக்கு?"

"நீங்க இல்ல சிக்னோரா. உங்க நம்பர்தான் ஆம்பளை."

ஆன்ட்ரியாவுக்குப் பன்னிரண்டாவது வாரம் முடிந்து பதின்மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. அரசு மருத்துவமனை ஸ்கேனுக்கு அங்கே மருந்துக்கடையிலேயே நேரம் பதிவு செய்வார்கள். அந்த ஸ்கேனுக்கு ஒரு கெடு உண்டு. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் சேரும் நீரின் கனத்தை அதில் அளக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை குழந்தை எட்டரை சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் அந்த அளவுக்குப் பொருளில்லாமல் போய்விடும். அவள் கணக்கில் அடுத்த செவ்வாய்க்கிழமை கெடு. கெடு இல்லாவிட்டாலும் அவள் பொறுத்திருக்க மாட்டாள். போன வருடம் ஸ்காட்லாந்தில் இதே ஸ்கேனில்தான், உள்ளே பத்து நாளாகத் துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு பாடம் நடத்தியிருந்தாள். இந்த முறை துடிப்பைக் கண்ணால் பார்க்காமல் ஒரு நாள்கூடத் தள்ள அவளால் முடியாது. தனியார் மருத்துவமனையிலும் கேட்டுப் பார்த்தாள். பதினாறு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த நம்பர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மீதிக் கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. இத்தாலியில் பிறந்தவர்கள், வந்து சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பதினாறு இடமுள்ள வரிக் குறியீடு ஒன்று உண்டு. சம்பளம், வீட்டு வாடகை, காய்ச்சல் மாத்திரை, கைப்பேசி எதுவும் அது இல்லாமல் நடக்காது. அதை யாரும் இஷ்டத்துக்குக் கொடுப்பதில்லை, ஆளிலிருந்தே வடித்தெடுக்கிறார்கள். குடும்பப் பெயரிலிருந்து மூன்று மெய்யெழுத்து, சொந்தப் பெயரிலிருந்து மூன்று. பிறகு பிறந்த வருடத்துக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதிக்கு இரண்டு இலக்கம், பிறந்த ஊருக்கோ நாட்டுக்கோ நான்கு இடம். பதினாறாவதாக வருவது காவல்காரன் மாதிரி ஓர் எழுத்து. முன்னால் உள்ள பதினைந்தையும் கூட்டிக் கழித்து அதைக் கண்டுபிடிப்பார்கள். எங்காவது ஓர் இடம் மாறினால் அதுவும் மாறிவிடும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆண் என்றால் பிறந்த தேதியை அப்படியே எழுதுவார்கள், பெண் என்றால் நாற்பது கூட்டி எழுதுவார்கள். ஆக, இத்தாலியில் பெண்கள் எல்லோரும் நாற்பத்தொன்றாம் தேதிக்கும் எழுபத்தொன்றாம் தேதிக்கும் நடுவில் பிறந்தவர்கள். ஆன்ட்ரியா செப்டம்பர் பதினான்கில் பிறந்தவள். ஐம்பத்துநான்கு என்று இருக்கவேண்டிய இடத்தில் அவள் அட்டையில் பதினான்கு என்று இருந்தது.

ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அவள் ஊரில் ஆன்ட்ரியா என்பது பெண் பெயர். அதே எழுத்துகளை இத்தாலியில் அந்த்ரேயா என்று வாசிப்பார்கள், அது மீசைக்காரன் பெயர். தெருவில் நின்று அந்த்ரேயா என்று கூப்பிட்டால் நான்கு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே, பெயரை மட்டும் பார்த்து, மொழிப்பள்ளியில் யாரோ விண்ணப்பத்தில் ஆண் என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டார்கள்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. எரிவாயுக் கம்பெனி 'மதிப்புக்குரிய ஐயா' என்று கடிதம் போட்டது. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். குடும்ப மருத்துவரின் கணினி ஸ்கேன் சீட்டை அடிக்க மறுத்தது. "சனியன், காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது" என்று அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் கையால் எழுதிக் கொடுத்தார்.

அன்று திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை அவள் போலீஸின் வெளிநாட்டவர் பிரிவில் நான்கு மணி நேரம் நின்றாள். அவளுடைய வசிப்பு அனுமதி அட்டையிலும் ஆண் என்றுதான் இருந்தது. "நாங்க வரி ஆபீஸ்ல இருக்கறதைத்தான் எடுத்துப் போட்டோம். அவங்க மாத்தட்டும், நாங்களும் மாத்தறோம்" என்றார் அதிகாரி, நிமிர்ந்து பார்க்காமலேயே.

வாசலில் நின்று ஃபெர்கஸைக் கூப்பிட்டாள். அவள் கணவன் வடகடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை செய்பவன். மூன்று வாரம் கடல், மூன்று வாரம் அவளோடு.

"என்ன தம்பி, சௌக்கியமா?" என்றான்.

"ஃபெர்கஸ், இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, நீ அந்த மேடையிலேயே குடியிருக்க வேண்டியதுதான்."

"சரி, சரி. பேசாம அபர்டீனுக்கு வந்துடேன். அம்மா வீட்டுல தங்கிக்கோ, ஸ்கேனை அங்க பாத்துக்கலாம்."

"நான் எதுக்கு ஓடணும்? தப்புப் பண்ணது அவங்க. வீடு பிடிச்சு, பாஷை கத்துக்கிட்டு, மூட்டைப்பூச்சி மருந்து அடிச்சு, இப்பத்தான் நிமிந்தேன். இங்கதான் பெத்துக்கப் போறேன்னு நீயும்தானே சொன்னே?"

"சொன்னேன். அப்ப விடாதே" என்றான்.

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வரி அலுவலகத்தில் டோக்கன் எடுத்தாள். அன்றுதான் கடைசி நாள். மறுநாள் ஊரின் காவல் புனிதர் திருநாள். வெள்ளிக்கிழமை வேலை நாள்தான், ஆனால் திருநாளுக்கும் சனிக்கிழமைக்கும் நடுவே ஒற்றையாக ஒரு வேலை நாள் அகப்பட்டால் அதன்மேல் ஒரு பாலம் போட்டுத் தாண்டிவிடுவது இந்த நாட்டு வழக்கம். பாலம் போட்டாயிற்று என்றால் திங்கள்வரை ஓர் அலுவலகக் கதவும் திறக்காது.

"கால்ப்ரெய்த் சார்!" என்று மூன்றாம் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அவள் எழுந்து போனாள். "கால்ப்ரெய்த் சார் வரலியா?" என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார் ஜென்னாரோ. அறுபதை நெருங்கிய, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த மனிதர்.

"நான்தான் கால்ப்ரெய்த். சார் இல்ல. அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

அவர் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓ, இதுவா! இதை நான் அக்டோபர்லயே கண்டுபிடிச்சுட்டேனே. பாஸ்போர்ட் நகல்ல பெண், விண்ணப்பத்துல ஆண். அப்பவே உங்க பள்ளிக்கு லெட்டர் போட்டேன்."

"அக்டோபர்ல?"

"பதிலே வரலை."

ஆன்ட்ரியா பாஸ்போர்ட்டை ஜன்னலுக்குள் தள்ளினாள். "சரி, இப்ப மாத்திடுங்க. இதோ பாஸ்போர்ட்."

"அசல் விண்ணப்பத்தைத் திருத்தி, விண்ணப்பிச்சவங்க கையெழுத்தோட கொண்டு வரணும் மேடம். விண்ணப்பிச்சது பள்ளி."

"நான் உங்க முன்னாடி நிக்கிறேன். கண்ணால பாக்கறீங்க."

"பாக்கறேன்" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "ஆனா நான் பாக்கறதை ஃபைல்ல ஒட்ட முடியாதே. பன்னிரண்டரைக்கு ஜன்னல் சாத்திடுவோம், சீக்கிரம் போய்ட்டு வாங்க."

பள்ளி சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். அவள் ஆறு நிமிடத்தில் போனாள். பள்ளியை நடத்துபவள் ஓர்னெல்லா பிரகாத்தோ வகுப்பு ஒன்றில் இருந்தாள். அது பன்னிரண்டு மணிக்கு முடியும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. வெளியே வந்தவள் நேராகக் காப்பி இயந்திரத்துக்குப் போனாள். அவளுக்கு எல்லோரும் தங்கம்தான்.

"என்ன தங்கம், முகம் இப்படி வெளுத்திருக்கு?"

"அக்டோபர்ல வரி ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஒரு லெட்டர் வந்துதா?"

"உனக்கு வரலை, பள்ளிக்கு வந்துது. அதுவா? அட, ஒரே ஒரு எழுத்து தங்கம். ஆணா, பெண்ணான்னு ஒரு எழுத்து. உனக்கு வகுப்பு குறைஞ்சுதா, சம்பளம் நின்னுதா? அதைத் திருத்தணும்னா உன் வேலை அனுமதி, ஒப்பந்தம் எல்லாத்தையும் முதல்லேர்ந்து கிளறணும். எப்படியும் ஜூன்ல ஒப்பந்தம் முடியுது, அப்ப சேத்துப் பாத்துக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"எதுக்கு உன்னைக் கவலைப்படுத்தணும்?"

"ஓர்னெல்லா, நான் கர்ப்பமா இருக்கேன். பதின்மூணாவது வாரம். இந்த நம்பரால ஸ்கேன் தர மாட்டேங்கறாங்க."

ஓர்னெல்லா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் பார்வை ஆன்ட்ரியாவின் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கி, சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் போயிற்று. அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணுவது ஆன்ட்ரியாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு ஓர்னெல்லா சிரிக்கப் பார்த்தாள். "பாரேன், நீ ஆம்பளையா இருந்தவரைக்கும் நமக்குள்ள ஒரு சிக்கலும் இல்ல."

காப்பிக்காக நின்றிருந்த இரண்டு மாணவர்கள் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஆன்ட்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"திருத்தத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. இப்பவே."

"என் கணக்கரைக் கேக்காம எப்படிப் போடறது? அவர் பாலம் போட்டுட்டு மலைக்குப் போய்ட்டார். திங்கக்கிழமை வந்துடுவார். திங்கக்கிழமை, சத்தியமா."

"அந்த லெட்டர் எங்க?"

"எங்கயோ..."

ஆன்ட்ரியா பக்கத்திலிருந்த ஓர்னெல்லாவின் மேசை இழுப்பறையைத் தானே இழுத்தாள். வெளிநாட்டு ஆசிரியர்கள் என்று எழுதிய அட்டையில், மேலாகவே, அசல் விண்ணப்பமும் கடிதமும் ஒன்றாகக் கோத்துக் கிடந்தன. ஐந்து மாதமாக அவள் இந்த மேசையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அதைக் கொண்டு போகக்கூடாது தங்கம்! அது பள்ளி ஆவணம்!"

"இதுல இருக்கறது நான்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை ஒரு முறை முழுக்க வாசித்தபின் அவள் சைக்கிளை எடுத்தாள்.

வரி அலுவலகத்தில் டோக்கன் இயந்திரத்தை அணைத்துவிட்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு பதினாறு. மூன்றாம் ஜன்னலில் ஒரு கிழவர் எழுந்துகொண்டிருந்தார். ஜென்னாரோவின் கை திரைச்சீலைக் கயிற்றுக்குப் போயிற்று.

"டோக்கன் இருக்கா மேடம்?"

"இல்ல."

"கையெழுத்து?"

"இல்ல."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்? திங்கக்கிழமை—"

கோட்டுப் பையில் கைவிட்டாள். வெள்ளைப் பலகையில் எழுதும் நீலப் பேனா அகப்பட்டது. ஆசிரியர்களின் பையில் வீட்டுச் சாவி இல்லாமல் போகலாம், அந்தப் பேனா இல்லாமல் போகாது. அவள் மூடியைப் பல்லால் கழற்றி, ஜன்னல் கண்ணாடியிலேயே எழுத ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நேராகத் தெரியும்படி வலமிருந்து இடமாக, இடவலம் மாறிய பிம்பமாக எழுதினாள். சின்னக் குழந்தைகளுக்கு ஜன்னலில் எழுதி விளையாட்டுக் காட்டிக் கற்றுக்கொண்ட வித்தை அது. பதினைந்து இடங்கள், கடைசியில் டி என்ற எழுத்து.

"மேடம்! அரசாங்கக் கண்ணாடி!"

"எழுதும்மா, எழுது" என்றார் எழுந்துபோன கிழவர், திரும்பி வந்து. "செத்துப்போன என் அண்ணனுக்கு மூணு வருஷமா என் வீட்டுக்கு வரி நோட்டீஸ் வருது. அதையும் ஒரு மூலையில எழுதிடு."

"இது நீங்க எனக்குக் கொடுத்த நம்பர்" என்றாள் ஆன்ட்ரியா. குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. பின் வரிசைவரை கேட்கும். "இதுல பதினாலு. நான் நாப்பது கூட்டறேன்." பதினான்கின் கீழே ஐம்பத்துநான்கு என்று எழுதினாள். "இப்ப நான் பெண். மத்தபடி எல்லாம் அப்படியே. கடைசி எழுத்தும் டி. சரிதானே?"

ஜென்னாரோவின் கை கயிற்றிலிருந்து நழுவியது. ஒரு தப்புக் கணக்கைக் கண்ணெதிரே விட்டுவைத்து அவரால் திரையை இறக்க முடியவில்லை. அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். அக்டோபரில் யாரும் கேட்காமலே பிழையைக் கண்டுபிடித்த மனிதர் அல்லவா!

"டி வராது."

"ஏன் வராது?"

"மேடம், ஒத்தைப்படை இடத்துக்கு ஒரு மதிப்பு, இரட்டைப்படை இடத்துக்கு ஒரு மதிப்பு. எல்லாத்தையும் கூட்டி இருபத்தாறால வகுத்து மீதியை எழுத்தாக்கணும். நீங்க மாத்தினது பத்தாவது இடம். இரட்டை. இரட்டையில எண்ணோட மதிப்பு அதே எண்தான். ஒண்ணு இருந்த இடத்துல அஞ்சு வந்திருக்கு, கூட்டுத்தொகையில நாலு ஏறுது. அப்ப டி-யிலேர்ந்து நாலு தள்ளிப் போகணும்." விரலை மடக்கினார். "ஈ, எஃப், ஜி... ஹெச். உங்க எழுத்து ஹெச்."

"நிச்சயமா?"

"முப்பத்திரண்டு வருஷமா இதைத்தான் பண்றேன்."

அவள் டி-யை அடித்துவிட்டு ஹெச் எழுதினாள். "அப்ப இது சரியான நம்பர்னு நீங்களே சொல்றீங்க. கணினியில போடுங்க."

"கையெழுத்து இல்லாம—"

"இது யாரு எழுதின லெட்டர்?" அவள் அக்டோபர்க் கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தாள்.

"நான்தான்."

"நான் வாசிக்கறேன். உச்சரிப்புத் தப்பா இருந்தா சொல்லுங்க. 'திருத்தத்தை விண்ணப்பித்தவர்...'" அவள் நிறுத்தினாள். "அடுத்த வார்த்தை என்ன?"

ஜென்னாரோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். இத்தாலிய மொழியில் 'அல்லது' என்பது ஒரே எழுத்து. வட்டமாக ஓர் ஓ, அவ்வளவுதான். காலையில் அவருக்கு ஞாபகம் வராமல் போனதும், ஐந்து மாதமாக ஓர்னெல்லாவின் இழுப்பறையில் கிடந்ததும் அந்த ஓர் எழுத்து.

"'அல்லது'" என்றார் மெதுவாக.

"அல்லது?"

"'அல்லது சம்பந்தப்பட்ட நபர், தாமே கையெழுத்திட்டுத் தரலாம்.'"

"சம்பந்தப்பட்ட நபர் யாரு, சிக்னோர் ஜென்னாரோ?"

கிழவர் பொறுக்கமாட்டாமல் "அட, சொல்லுங்க!" என்றார்.

"நீங்கதான்."

"நான் இங்க காலையில ஒன்பதே காலுக்கு நின்னேன்." அவள் கடிதத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. "என் பாஸ்போர்ட்டோட நின்னேன். நீங்க எழுதின லெட்டர் உங்களுக்கே ஞாபகமில்ல. நான் சைக்கிள் மிதிச்சேன். வயித்துல பிள்ளையோட ஊருக்குக் குறுக்க மிதிச்சேன். என்னை ஜோக்குன்னு சிரிச்சாங்க. இனிமே ஒருத்தர்கூட என்னைத் திங்கக்கிழமை வான்னு சொல்லக்கூடாது. போடுங்க."

அவர் அசல் விண்ணப்பத்தை வாங்கினார். ஆண் என்ற குறியை அவளே அடித்து, பெண் என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டாள். அழுத்தத்தில் தாள் கிழிந்தது. அவர் அதற்கு மேல் நாடா ஒட்டி, மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். புதிய எண் அச்சாகி வந்தபோது மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. கடைசியில் ஹெச் இருந்தது.

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் போங்க மேடம்" என்றார் தயங்கித் தயங்கி.

அவள் கைக்குட்டையை எடுத்துப் பதினான்கை மட்டும் துடைத்தாள். மற்றதை விட்டுவிட்டு நடந்தாள்.

மருந்துக்கடை மூன்றரைக்குத்தான் திறக்கும். எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். இரண்டு மணிக்கு வகுப்பு இருந்தது, போகவில்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கடை திறந்ததும் அதே பெண் புதிய எண்ணை அடித்தாள். திரை பச்சையாயிற்று. "திங்கட்கிழமை காலை எட்டுப் பத்து. அதுதான் கடைசி இடம். போட்டுடட்டுமா?"

"போடுங்க."

"வாழ்த்துகள் சிக்னோரா." அவள் நெற்றியைச் சுருக்கினாள். "இதே முகவரியில அந்த்ரேயா கால்ப்ரெய்த்னு ஓர் ஆண் இருக்கார். உங்க கணவரா? குழந்தையோட அப்பான்னு சேத்துக்கட்டுமா?"

"இல்ல. அந்த ஆள் இன்னிக்கு மதியம் போய்ச் சேந்துட்டான்."

"ஐயையோ! எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு. யாரும் அழல."

கைப்பேசி மறுபடியும் அடித்தது. சீட்டு கைக்கு வந்துவிட்டதால் இந்த முறை எடுத்தாள்.

"தங்கம், எங்க போய்ட்டே? எட்டுப் பேர் வகுப்புல உக்காந்துட்டு எழுந்து போய்ட்டாங்க! சனிக்கிழமை தேர்வுக்காவது வருவேதானே?"

"நீங்க வேலைக்கு எடுத்த ஆள் இனிமே வரமாட்டான் ஓர்னெல்லா. அவன் நம்பரே இல்ல, நீங்களே பாத்துக்கலாம். அஞ்சு மாசம் உங்ககிட்ட வேலை பாத்த பொம்பளை ஒருத்தி இருக்கா. முதல் நாள்லேர்ந்து தேதி போட்டு, அவ பேர்ல ஒப்பந்தத்தைத் திருத்தி வெச்சா அவ வருவா. பிள்ளை பெத்துக்க விடுப்பும் எடுப்பா."

"பேசிக்கலாம், அந்த்ரேயா. எல்லாம் பேசிக்கலாம்."

"முதல்ல என் பேரைச் சரியாச் சொல்லுங்க."

"சொன்னேனே, அந்த்ரேயா."

"அது அவன் பேரு. என் பேரு ஆன்ட்ரியா."

ஓர்னெல்லா முயன்று பார்த்தாள். "ஆன்... த்ரியா."

"தப்பு" என்றாள் ஆன்ட்ரியா. "இன்னொரு தடவை."